பஸ் அதே பஸ், முதலாளி மட்டும் வேற: கம்பெனி கைமாறினா உங்க பணம் என்ன ஆகும்?

"எங்க கம்பெனியை வேற ஒரு கம்பெனி வாங்கப் போறாங்களாம். நான் இப்பவே வேற வேலை தேடணுமா?" நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. கேக்கிறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து மூணு, நாலு வருஷம் ஆனவங்க. எவ்வளவு கோடிக்கு டீல் முடிஞ்சதுன்னு செய்தியில் வந்துடும். ஆனா உங்க கிராஜுவிட்டி, லீவு பணம், போனஸ் என்ன ஆகும்னு எந்தச் செய்தியிலும் வராது.

இதைப் புரிய வைக்க ஐடி கம்பெனி உதாரணம் எடுக்கப் போறதில்லை. ஒரு பஸ் கம்பெனியை எடுத்துக்கலாம். அமெரிக்காவின் சார்ட்டர் பஸ் தொழில்ல முதலாளி மாறிக்கிட்டே இருப்பாங்க. பஸ்ஸும் டிரைவரும் மட்டும் அப்படியே இருப்பாங்க. அந்த டிரைவர் கத்துக்கிட்ட பாடம் ஓஎம்ஆர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

சார்ட்டர் பஸ் தொழில் எப்படி ஓடுது?

டிக்கெட் போட்டு ஆள் ஏத்தாம, பஸ்ஸை மொத்தமா வாடகைக்கு விடுறதுதான் சார்ட்டர். நம்ம ஊர்ல கல்யாணத்துக்கும் சபரிமலைக்கும் டூரிஸ்ட் பஸ் பேசுறோம் இல்லையா, அதேதான். அமெரிக்காவில் பள்ளிக்கூடச் சுற்றுலா, கல்லூரி விளையாட்டு அணிகள், மாநாடுகள், முதியோர் சுற்றுலா இதெல்லாம்தான் இந்தத் தொழிலுக்குச் சோறு போடுது. கம்பெனி ஊழியர்களை ஏத்தி இறக்குற கான்ட்ராக்டும் உண்டு.

இந்தத் தொழிலில் இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க சின்ன குடும்ப நிறுவனங்கள். 10 பஸ்கூட இருக்காது. தாத்தா ஆரம்பிச்சிருப்பார், பேரன் நடத்துவார்.

செலவுக் கணக்கைப் பாருங்க. பெரிய சொகுசு பஸ் ஒண்ணு புதுசா வாங்க சுமார் 5 லட்சம் டாலர் ஆகும். மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டினா, 16 பேருக்கு மேல் ஏத்துற பஸ்ஸுக்குக் குறைஞ்சது 50 லட்சம் டாலர் அளவுக்கு விபத்துப் பொறுப்புக் காப்பீடு இருக்கணும்னு மத்திய சட்டமே சொல்லுது. பஸ் ஓடினாலும் ஷெட்ல நின்னாலும் கடன் தவணையும் பிரீமியமும் கட்டியாகணும். வருமானமோ சீசனை நம்பி இருக்கு. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பஸ் கிடைக்காது, குளிர்காலத்தில் பஸ்ஸைக் கேட்க ஆள் இருக்காது.

நிலையான செலவு அதிகம், வருமானம் ஏறி இறங்கும். எங்க தொழில்ல இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தா முதல்ல கேக்கிற கேள்வி, "கடன் எவ்வளவு?" கீழே வர்ற கதை முழுக்க அந்தக் கேள்வியைச் சுத்தித்தான்.

ஒரு கம்பெனி, எத்தனை கை மாறிச்சு?

கோச் யுஎஸ்ஏ. 1995-ல் டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டன்ல தொடங்கிய நிறுவனம். இவங்க ஐடியா சிம்பிள்: நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிற சின்ன பஸ் கம்பெனிகளை வாங்கி ஒரே குடைக்குள்ள கொண்டு வர்றது. 1996-ல் 6 நிறுவனங்களைச் சேர்த்துப் பங்குச் சந்தையில் இறங்கினாங்க. அதுக்கப்புறம் மடமடன்னு வாங்கிக் குவிச்சாங்க.

இப்படி வாங்குறதுல என்ன லாபம்? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். சின்ன பஸ் கம்பெனி ஒண்ணு வருஷம் 10 லட்சம் லாபம் பார்க்குது. தனியா விற்றா 4 மடங்கு, அதாவது 40 லட்சம் கிடைக்கும். அதே 10 லட்சம் லாபம், சந்தையில் பட்டியலான பெரிய கம்பெனிக்குள்ள வந்துட்டா, முதலீட்டாளர் அதுக்கு 12 மடங்கு விலை வைக்கலாம். அப்போ மதிப்பு 1 கோடியே 20 லட்சம். ஒரு பஸ்கூட கூடுதலா ஓடலை, மதிப்பு மட்டும் மூணு மடங்காச்சு. இந்த வித்தை வேலை செய்யணும்னா தொடர்ந்து வாங்கிக்கிட்டே இருக்கணும். வாங்கணும்னா கடன் வேணும்.

1999-ல் பிரிட்டனின் ஸ்டேஜ்கோச் நிறுவனம் கோச் யுஎஸ்ஏவை வாங்கிச்சு. பிரையன் சூட்டரும் அவர் அக்கா ஆன் க்ளோக்கும் ஸ்காட்லாந்தில் 1980-ல் தொடங்கிய கம்பெனி அது. கடனையும் சேர்த்து விலை சுமார் 120 கோடி பவுண்டு. ரெண்டு வருஷத்தில் 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து அமெரிக்கச் சுற்றுலா படுத்துடுச்சு. சார்ட்டர் தொழில் நம்பி இருந்ததே அதைத்தான்.

2003-ல் ஸ்டேஜ்கோச் தன் அமெரிக்கத் தொழிலில் பெரும்பகுதியை வித்துடுச்சு. மேற்கு, தென்மத்தியப் பகுதிகளின் தொழிலை கோல்பர்க் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் வாங்கிச்சு. அது கோச் அமெரிக்கா என்ற தனி நிறுவனமா ஆச்சு. 2007-ல் அதை ஃபென்வே பார்ட்னர்ஸ் வாங்கினாங்க. 2012 ஜனவரியில் கோச் அமெரிக்கா திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போச்சு. அப்போ அதன் தொழிலில் ஒரு பகுதியை வாங்கினது யார் தெரியுமா? ஸ்டேஜ்கோச்! 2003-ல் வித்ததையே ஏலத்தில் திரும்ப வாங்கினாங்க.

கதை முடியலை. 2018 டிசம்பரில் ஸ்டேஜ்கோச் தன் வட அமெரிக்கத் தொழில் மொத்தத்தையும் வேரியன்ட் ஈக்விட்டி என்ற லாஸ் ஏஞ்சலஸ் முதலீட்டு நிறுவனத்துக்கு 27.14 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. அன்றைய மதிப்பில் சுமார் 1,900 கோடி ரூபாய். 2019 ஏப்ரலில் டீல் முடிஞ்சது. அடுத்த வருஷமே கொரோனா. 2024 ஜூனில் கோச் யுஎஸ்ஏ டெலவேர் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. அப்போ சுமார் 2,700 பேர் அங்க வேலை பார்த்தாங்க. தொழிலைத் துண்டு துண்டா வித்தாங்க. பெரும்பகுதி ரென்கோ குழுமத்துக்கும், சில பகுதிகள் அவலான் டிரான்ஸ்போர்ட்டேஷன் உள்ளிட்ட மற்றவங்களுக்கும் போச்சு.

இப்போ கற்பனை பண்ணிப் பாருங்க. டெக்சஸ்ல ஒருத்தர் 1996-ல் 30 வயசில் டிரைவரா சேர்ந்திருந்தா, 2024-ல் அவருக்கு 58 வயசு. அவர் டெப்போவை மாத்தாமலே ஆறேழு முதலாளியைப் பார்த்திருக்கலாம். ரெண்டு திவாலையும் பார்த்திருக்கலாம்.

டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தா...

சார்ட்டர் டிரைவருக்கு நிரந்தர டைம்டேபிள் கிடையாது. நாளைக்கு எந்த ட்ரிப்னு பல நேரம் முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும். 8 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 10 மணி நேரம் ஓட்டலாம். டியூட்டியில் ஏறி 15 மணி நேரம் ஆயிட்டா அதுக்கு மேல ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. 7 நாளில் 60 மணி நேரம், அல்லது வாரம் முழுக்க இயங்குற கம்பெனின்னா 8 நாளில் 70 மணி நேரம்தான் உச்சவரம்பு. மியூசியம் வாசலில் பிள்ளைங்களுக்காக அஞ்சு மணி நேரம் காத்திருக்கிறதும் அவர் நாளில் கழியுது. அந்த நேரத்துக்கு என்ன சம்பளம்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு. அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினா ஒன்றரை மடங்கு ஓவர்டைம் தரணும்னு மத்திய சட்டம் இருக்கு. ஆனா மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுற பஸ் டிரைவர்கள் பொதுவா அந்த விதிக்குள்ள வரமாட்டாங்க. யூனியன் ஒப்பந்தத்திலோ மாநிலச் சட்டத்திலோ கம்பெனி கொள்கையிலோ இருந்தால்தான் உண்டு.

அப்போ அவருக்கு உண்மையான சொத்து எது? சீனியாரிட்டி. பழைய ஆள்தான் நல்ல ட்ரிப்பை முதல்ல தேர்ந்தெடுப்பார். நல்ல ட்ரிப்னா அதிக மணி நேரம், அதிக டிப்ஸ். சேர்ந்த தேதி ஒண்ணுதான் அவர் மாச வருமானத்தையே தீர்மானிக்குது. முதலாளி மாறும்போது முதல்ல கேள்விக்குள்ளாகிறதும் அந்தத் தேதிதான்.

ஷேரை வாங்கினாங்களா, சொத்தை வாங்கினாங்களா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீங்கன்னா, இதைப் படிங்க.

ஒரு கம்பெனி கைமாறுறதுக்கு முக்கியமா ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, ஷேர் விற்பனை. கம்பெனியின் பங்குகள் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போகும். உங்களுக்குச் சம்பளம் தர்ற கம்பெனி அதேதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சேர்ந்த தேதி, லீவு பாக்கி எல்லாம் அப்படியே தொடரும். 1999-ல் ஸ்டேஜ்கோச் கோச் யுஎஸ்ஏவை வாங்கினது இப்படித்தான்.

ரெண்டாவது வழி, சொத்து அல்லது தொழில் விற்பனை. பஸ், டெப்போ, கான்ட்ராக்ட், பிராண்ட் பெயர் இதை மட்டும் புது கம்பெனி வாங்கிக்கும். பழைய கம்பெனி தன் கடனோட தனியா நிக்கும். திவால்ல நடக்கிற விற்பனை பெரும்பாலும் இந்த வகைதான். இங்க உங்க முதலாளி சட்டப்படியே மாறுறார். யாரை எடுக்கணும், எந்த நிபந்தனையில் எடுக்கணும்னு புது முதலாளி பேச இடம் இருக்கு.

1972-ல் பர்ன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பழைய ஊழியர்களில் பெரும்பான்மையை எடுத்துக்கிட்டா புது முதலாளி யூனியனோட பேசித்தான் ஆகணும், ஆனா பழைய முதலாளி போட்ட ஒப்பந்தம் தானா அவரைக் கட்டுப்படுத்தாது. அதாவது, பேச்சுவார்த்தைக்கு நாற்காலி உண்டு. பழைய சலுகைகள் அப்படியே தொடரும்னு உத்தரவாதம் இல்லை.

இந்தியாவிலும் இந்த ரெண்டு வழியும் உண்டு. ரெண்டாவது வழியில் தொழிலை மொத்தமா ஒரு தொகைக்குக் கைமாத்துறதை நாங்க ஸ்லம்ப் சேல்னு சொல்வோம். உங்க ஆபீஸ்ல டவுன்ஹால் மீட்டிங்ல "நாம இப்போ பெரிய குடும்பத்தோட சேர்றோம்"னு சிஇஓ சொன்னா, கைதட்டிட்டு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க: "இது ஷேர் டீலா, பிசினஸ் டிரான்ஸ்ஃபரா?"

திவால்னா யாருக்கு முதல்ல பணம்?

அமெரிக்காவில் கம்பெனி திவாலுக்குப் போனா, அதுக்கு முந்தைய 180 நாளில் உழைச்ச சம்பள பாக்கிக்கு முன்னுரிமை உண்டு. ஆனா உச்சவரம்பு இருக்கு. கோச் யுஎஸ்ஏ நீதிமன்றம் போன 2024 ஜூனில் அந்த வரம்பு ஒரு ஆளுக்கு 15,150 டாலர். அதுக்கு மேல உள்ள பாக்கி மற்ற சாதாரண கடன்காரங்க வரிசையில் போய் நிக்கும். இன்னொரு பக்கம், டிரைவரின் 401(கே) ஓய்வூதியக் கணக்கு தனி டிரஸ்டில் இருக்கிறதால, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவங்க அதைத் தொட முடியாது.

இந்தியாவில் 2016-ன் திவால் சட்டம் கிட்டத்தட்ட இதே மாதிரி கோடு போடுது. கம்பெனியைக் கலைக்கும் நிலை வந்தா, தொழிலாளர்களின் 24 மாச பாக்கி, அடமானம் வச்சுக் கடன் கொடுத்தவங்களோட சம வரிசையில் வரும். தொழிலாளர் வரையறைக்குள் வராத மற்ற ஊழியர்களுக்கு அதுக்கு அடுத்த படி, அதுவும் 12 மாச பாக்கிதான். மேனேஜர் பதவியில் இருந்தா நீங்க ரெண்டாவது கூட்டத்தில்தான். பிஎஃப், பென்ஷன், கிராஜுவிட்டி ஃபண்டுகளில் இருக்கிற பணம் மட்டும் இந்த வரிசைக்கே வராது. அது கம்பெனி சொத்தே இல்லைன்னு சட்டம் சொல்லுது.

இதுல இருந்து கிடைக்கிற விதி ஒண்ணுதான். உங்க பேரில், வேற ஒரு நிறுவனத்தில் இருக்கிற பணம் உங்களோடது. முதலாளி புத்தகத்தில் "தரவேண்டியது"ன்னு எழுதியிருக்கிற பணம் நீங்க அவருக்குக் கொடுத்த கடன். வட்டியும் இல்லை, அடமானமும் இல்லை.

உங்க கணக்கைப் போட்டுப் பாருங்க

ஒரு பேப்பரை எடுங்க. நடுவில் கோடு போடுங்க. இடது பக்கம் "என் பேரில்", வலது பக்கம் "முதலாளி புத்தகத்தில்".

இடது பக்கம்: பிஎஃப் பாஸ்புக்கில் ஏறியிருக்கிற தொகை, என்பிஎஸ், மியூச்சுவல் ஃபண்ட், சொந்தமா எடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ், டெர்ம் இன்சூரன்ஸ்.

வலது பக்கம்: கிராஜுவிட்டி, லீவு என்கேஷ்மென்ட், இன்னும் வராத வேரியபிள் பே, கிளெய்ம் பண்ணி வராத செலவுகள், கைக்கு வராத பங்கு ஆப்ஷன்கள், கம்பெனி தர்ற குரூப் இன்சூரன்ஸ்.

ஒரு உதாரணம். அடிப்படைச் சம்பளம் மாசம் 30,000, சேர்ந்து 6 வருஷம் ஆச்சு.

கிராஜுவிட்டி: 30,000 × 15 ÷ 26 × 6 = சுமார் 1,03,846.
லீவு 40 நாள், மாசத்துக்கு 30 நாள் கணக்கில்: 40,000.
வர வேண்டிய வேரியபிள் பே: 90,000.
டிராவல் கிளெய்ம்: 12,000.
மொத்தம்: 2,45,846 ரூபாய்.

எட்டு மாச அடிப்படைச் சம்பளத்துக்கும் மேல! இவ்வளவையும் அடமானம் இல்லாம முதலாளிக்குக் கடன் கொடுத்திருக்கீங்க. கம்பெனி நல்லா இருக்கிற வரைக்கும் இது பிரச்சினையே இல்லை. கிராஜுவிட்டிக்குக் கம்பெனி தனி ஃபண்ட் வச்சிருந்தா அந்தப் பகுதியின் ரிஸ்க் குறையும். வெறும் புத்தகத்தில் மட்டும் ஒதுக்கி வச்சிருந்தா ரிஸ்க் உங்க தலையில்.

இன்னொரு உதாரணம். சேர்ந்து 4 வருஷம் 2 மாசம் ஆனவர். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி உரிமை பொதுவா 5 வருஷத் தொடர் சேவைக்குப் பிறகுதான். கம்பெனி கைமாறும்போது "பழைய கம்பெனியில் ராஜினாமா பண்ணிட்டு, புதுசுல சேர்ந்துக்கங்க"ன்னு கடிதம் நீட்டினா, பழைய சேவை தொடரும்னு அதில் எழுதலைன்னா என்ன ஆகும்? 4 வருஷத்துக்கு இதே அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்த சுமார் 69,231 ரூபாய்க்கான உரிமை ஆபத்தில் விழும். 5 வருஷக் கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். டெக்சஸ் டிரைவரின் சீனியாரிட்டி தேதியும் உங்க டேட் ஆஃப் ஜாயினிங்கும் ஒரே பொருள்தான்.

கம்பெனி கைமாறுதுன்னு தெரிஞ்சா செய்ய வேண்டியவை

1. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கடிதத்தில் மூணு விஷயம் தேடுங்க: சேவைத் தொடர்ச்சி உண்டா, பழைய சேர்ந்த தேதி அப்படியே இருக்கா, லீவு பாக்கி கூட வருதா. வாய்மொழி உறுதியை மெயில்ல கேட்டு வாங்குங்க.

2. பிஎஃப் பாஸ்புக்கை மாசாமாசம் பாருங்க. ஒரு மாசத்துப் பணம் அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள கட்டணும். சம்பள சிலிப்பில் பிடிச்சிருக்காங்க, பாஸ்புக்கில் ஏறலைன்னா, கம்பெனிக்குப் பண நெருக்கடின்னு சொல்ற முதல் மணி அது. புது முதலாளி வந்தாலும் யுஏஎன் பழையதே இருக்கணும்.

3. சம்பள சிலிப், ஃபார்ம் 16, இன்க்ரிமென்ட் கடிதம், லீவு பேலன்ஸ் ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் உங்க சொந்த மெயிலுக்கோ டிரைவுக்கோ இறக்கிக்கங்க. பழைய ஹெச்ஆர் போர்ட்டல் ஒரு நாள் காலையில் திறக்காது.

4. வருஷ நடுவில் முதலாளி மாறினா, பழைய இடத்துச் சம்பளம், பிடிச்ச வரி விவரத்தைப் புது இடத்தில் கொடுங்க. கொடுக்கலைன்னா ரெண்டு பேரும் தனித்தனியா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கழிச்சு, குறைவா வரி பிடிப்பாங்க. ரிட்டர்ன் போடும்போது மொத்தமா கட்ட வேண்டி வரும், வட்டியோட.

5. சொந்த ஹெல்த் இன்சூரன்ஸ் இன்னைக்கே எடுங்க. குரூப் பாலிசி உங்க கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும். அப்பா அம்மா அதை நம்பி இருந்தா இன்னும் அவசரம்.

6. இஎம்ஐ எடுக்கும்போது நிலையான சம்பளத்தை மட்டும் வச்சுக் கணக்குப் போடுங்க. வேரியபிள் பே உங்க சீசன் வருமானம். குளிர்காலத்தில் ட்ரிப் இல்லாத டிரைவர் மே மாச வருமானத்தை நம்பி வீட்டுக்கடன் கட்ட முடியாது.

7. ஆறு மாசச் செலவு லிக்விட் ஃபண்டிலோ எஃப்டியிலோ இருக்கட்டும். அது இருந்தாத்தான் பிடிக்காத கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்னு தைரியமா சொல்ல முடியும்.

கடைசியா ஒரு வார்த்தை

முதலாளி மாறினா வேலை போயிடும்னு அர்த்தமில்லை. கோச் யுஎஸ்ஏ ரெண்டாகப் பிரிஞ்சு, ஒட்டி, மறுபடி பிரிஞ்ச பிறகும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க சுற்றுலா போறாங்க, யாரோ ஒருத்தர் ஸ்டியரிங் பிடிக்கிறார். வேலை தேடணுமான்னு கேட்டவங்களுக்கு என் பதில்: முதல்ல இந்தப் பேப்பரை எழுதுங்க. வலது பக்கம் கனமா இருந்தா, லீவை எடுங்க, கிளெய்மைப் போடுங்க, இடது பக்கத்துக்கு மாத்துற வேலையை ஆரம்பிங்க. அப்புறம் நிதானமா முடிவெடுக்கலாம்.

உங்க வலது பக்கம் மொத்தம் எவ்வளவு வந்தது? எத்தனை மாசச் சம்பளம்னு மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க, கம்பெனி பேர் வேண்டாம். அடுத்த வீடியோவில் பிஎஃப் பாஸ்புக்கை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு பார்க்கலாம்.